ஜில்லுனு இருக்கும் ஏற்காட்டிலும் தோல் எரியுதா? வெளிச்சமே வலியாக மாறும் ‘போர்பிரியா’ பற்றி ஒரு விளக்கம்

மே மாதம் வந்துவிட்டால் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசை கட்டும். கோடை விழா, மலர் கண்காட்சி, ஏரியில் படகு சவாரி, லேடிஸ் சீட்டில் ஒரு செல்ஃபி. கீழே சேலம் கொதிக்கும்போது மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று ஜில்லென்று இருக்கும். "இங்க எங்கப்பா வெயிலு?" என்று தொப்பியைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்குபவர்கள்தான் அதிகம்.

பெரும்பாலானவர்களுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. முகம் கொஞ்சம் கறுக்கும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் சிலருக்கு இந்த இரண்டு நாள் டூர் முடிந்ததும் புறங்கையில் கொப்புளம் எழும். சில குழந்தைகள் வெளியில் நின்ற பத்து இருபது நிமிடத்திலேயே "கை எரியுது" என்று அழ ஆரம்பித்து, ராத்திரி முழுக்க ஈரத் துணி கேட்பார்கள். தோலைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. "அலர்ஜி", "பூச்சி கடிச்சிருக்கும்", "தண்ணி மாறுனதால", "பையன் சும்மா நடிக்கிறான்" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு இருக்கக்கூடிய நோய்தான் போர்பிரியா. நோய் அரிதானது. ஆனால் அதில் அதிகம் காணப்படும் தோல் வகைக்கு, சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், மலிவான சிகிச்சை இருக்கிறது. கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சில அறிவுரைகள் இந்த நோயில் நேர் எதிராக வேலை செய்யும் என்பது அடுத்த சிக்கல்.

குளிர் வேறு, வெளிச்சம் வேறு

முதலில் ஏற்காட்டுக் கணக்கைப் பார்த்துவிடலாம். சேலத்தைவிட ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம். உயரம் கூடக் கூட வெப்பம் குறையும். புற ஊதாக் கதிர் அதற்கு எதிர்த்திசையில், 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்ற அளவில் கூடும். சூரிய ஒளியை வடிகட்டும் காற்றுப் படலம் மேலே மெல்லிசாகிவிடுவதுதான் காரணம். மெல்லிய மேகமும் பனிமூட்டமும்கூட இந்தக் கதிரின் பெரும்பகுதியைத் தடுப்பதில்லை. தவிர, சேர்வராயன் மலை பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரிக்குள் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசிப் பகுதியில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை, நண்பகல் சூரியன் இங்கே கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். டூரிஸ்ட் சீசன் தொடங்கும் நேரமும் அந்த ஏப்ரல்தான்.

உடம்புக்குச் சூடு தெரியாததால் வெயில் இல்லை என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. போர்பிரியா இருப்பவர்களுக்கு இந்த ஏமாற்றம்தான் ஆபத்து. அவர்கள் தோல் வெப்பத்துக்கு அல்ல, ஒளிக்கு எதிர்வினை காட்டுகிறது.

ரத்தத்தில் நடக்கும் தயாரிப்புக் கோளாறு

போர்பிரியா தோலில் தெரிந்தாலும் தொடங்கும் இடம் தோல் இல்லை. ரத்தத்தின் சிவப்புக்கும் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனுக்கும் காரணம் ‘ஹீம்’ என்ற பொருள். உடலில் இதில் 80 சதவீதத்துக்கும் மேல் எலும்பு மஜ்ஜையிலும், மீதியின் பெரும்பகுதி கல்லீரலிலும் உருவாகிறது. தொழிற்சாலை அசெம்பிளி லைன் மாதிரி எட்டுப் படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. நடுப் படிகளில் உருவாகும் பாதிச் சரக்குக்குப் பெயர் போர்பிரின். கடைசிப் படியில் அதன் நடுவே ஓர் இரும்பு அணு உட்கார்ந்ததும் ஹீம் தயார்.

எட்டு நொதிகளில் ஒன்று சரியாக வேலை செய்யாவிட்டால் அந்த இடத்தில் டிராஃபிக் ஜாம். பாதிச் சரக்கு தேங்கி, ரத்தத்தில் கலந்து தோலுக்கும் வந்து சேரும். எந்தப் படியில் அடைப்பு என்பதைப் பொறுத்து நோயின் வகை மாறும்.

போர்பிரினுக்கு ஒளியை உறிஞ்சும் குணம் உண்டு. ஏற்காட்டுக் காபிச் செடியின் இலையைப் பச்சையாக்கும் குளோரோபில் இதற்கு நெருங்கிய உறவு. இதில் இரும்பு உட்காரும் இடத்தில் அதில் மக்னீசியம் இருக்கும், அவ்வளவுதான். இலை உறிஞ்சும் ஒளி உணவாகிறது. தோலில் தேங்கிய போர்பிரின் உறிஞ்சும் ஒளிக்கு அப்படி ஒரு வேலை இல்லை. அந்த ஆற்றல் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குப் போய் அதை வெறிபிடித்த நிலைக்கு மாற்றுகிறது. அந்த ஆக்சிஜன் சுற்றியுள்ள செல்களைத் தாக்குகிறது. சில தோல் புற்றுநோய்களுக்கு மருந்து தடவி, ஒளி பாய்ச்சி அழிக்கும் சிகிச்சை இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அங்கே வேண்டுமென்றே செய்வது இங்கே உடம்பு முழுக்கத் தானாக நடக்கிறது.

போர்பிரின் அதிகமாக உறிஞ்சுவது 400 நானோமீட்டரை ஒட்டிய நீல-ஊதா ஒளியை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் எல்லை அது. அதனால் ஜன்னல் கண்ணாடி இதைத் தடுக்காது. காரில் ஏசி போட்டுக்கொண்டு மலை ஏறும்போது, ஓட்டுநரின் வலது கை கண்ணாடி வழியாக அந்த ஒளியை வாங்கிக்கொண்டேதான் வரும்.

புறங்கைக் கொப்புளம்: அதிகம் பேருக்கு வரும் வகை

போர்பிரியா வகைகளில் அதிகம் காணப்படுவது ‘போர்பிரியா குடேனியா டார்டா’. சுருக்கமாக பிசிடி. பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. புறங்கை, முன்கை, முகம் என வெளிச்சம் படும் இடங்களில் தோல் காகிதம் மாதிரி ஆகிவிடும். கதவில் லேசாக இடித்தாலே தோல் உரியும். நீர்க் கொப்புளம் எழும், ஆறும், தழும்பாகும், தழும்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தங்கும். கன்னத்து மேட்டில் வழக்கத்துக்கு மாறாக முடி வளரலாம், முகம் கறுக்கலாம். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போகலாம்.

வலியும் கொப்புளமும் வெயிலில் நின்ற அன்றே வராமல் சில நாள் கழித்து வருவதால், வெயிலோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இது வந்தால் பழி உரத்தின் மேல் போகும், மிளகுக் கொடியின் மேல் போகும், களைக்கொல்லியின் மேல் போகும். சமையல் வேலை பார்ப்பவருக்கு வந்தால் எண்ணெய் தெறித்தது என்பார்கள். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கு ‘வெயில் நோய்’ வராது என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. மெலனின் கொஞ்சம் காக்கும், முழுக்கக் காக்காது.

பிசிடி உள்ளவர்களில் சுமார் 80 சதவீதம் பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இது இருக்காது. கல்லீரலில் உள்ள ஒரு நொதியை வேறு ஏதோ ஒன்று முடக்கியிருக்கும். மது, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, புகைப்பழக்கம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்லீரலில் சேர்ந்த இரும்பு. வழக்கமாக ஒன்றுக்கு மேற்பட்டவை கூட்டணி அமைத்திருக்கும். அதனால் கையில் வரும் கொப்புளம் சில சமயம் கல்லீரல் அனுப்பும் தந்தி. இதை வைத்து இதுவரை தெரியாத ஹெபடைடிஸ் சி கண்டுபிடிக்கப்படுவது உண்டு.

ரசாயனமும் இதைச் செய்யும் என்பதற்கு வரலாற்றில் கொடுமையான சாட்சி துருக்கி. 1950-களின் இரண்டாம் பாதியில், தென்கிழக்குத் துருக்கியில் விதைப்புக்காகக் கொடுக்கப்பட்ட கோதுமையைப் பஞ்சத்தில் இருந்த மக்கள் சாப்பிட்டுவிட்டார்கள். அதில் ஹெக்சாகுளோரோபென்சீன் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்திருந்தது. 3,000 பேருக்கு மேல் போர்பிரியா வந்தது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். தாய்ப்பால் வழியாக விஷம் போன கைக்குழந்தைகள் பலர் இறந்தார்கள். அந்த ரசாயனம் இன்று ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் இருக்கிறது. விதை நேர்த்தி செய்த தானியத்துக்குச் சாயம் ஏற்றி ‘உணவுக்கு அல்ல’ என்று அச்சிடுவதை வெறும் சம்பிரதாயமாக நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

சத்து மாத்திரை எப்போது எதிரியாகிறது?

இதுதான் தமிழ்நாட்டு வீடுகளில் கவனிக்க வேண்டிய இடம். ரத்தசோகை இங்கே பரவலான பிரச்சினை. பள்ளியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது சரியான, தேவையான திட்டம். அதை யாரும் நிறுத்தக் கூடாது. ஆனால் பிசிடி இருக்கும் ஒரு 45 வயது ஆணுக்கு "சோர்வா இருக்கீங்க, சத்து மாத்திரை போடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் இரும்பு டானிக் வாங்கிக் கொடுத்தால் நோய் கூடும்.

ஏனென்றால் பிசிடிக்கான முதல் சிகிச்சையே இரும்பைக் குறைப்பது. அதற்கு வழி, ரத்தம் எடுப்பது. ரத்ததானத்தில் எடுப்பது போல ஒரு முறைக்குச் சுமார் 450 மில்லி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவு 20-க்குக் கீழே வரும்வரை இது தொடரும். பலருக்கு ஐந்திலிருந்து எட்டு தடவை போதும். புதுக் கொப்புளம் வருவது சில மாதங்களில் நிற்கும்.

ரத்தம் எடுக்க முடியாதவர்களுக்கு மாத்திரை உண்டு. பெயர் ஹைட்ராக்சிகுளோரோகுவின். ஆமாம், 2020 கொரோனா காலத்தில் எல்லோரும் தேடி ஓடிய அதே மாத்திரைதான். இந்தியாவில் சுலபமாகக் கிடைப்பது, விலையும் குறைவு. ஆனால் அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. முடக்குவாதத்துக்குத் தினமும் 200 முதல் 400 மில்லிகிராம் கொடுக்கும் மருந்தை, பிசிடிக்கு வாரத்துக்கு இரண்டே நாள், 100 மில்லிகிராம் என்ற அளவில்தான் கொடுப்பார்கள். வழக்கமான அளவைக் கொடுத்தால் கல்லீரலில் தேங்கிய போர்பிரின் ஒரே நேரத்தில் வெளியேறி, காய்ச்சலும் கல்லீரல் பாதிப்பும் வரலாம். அதனால் கூகுள் பார்த்து, பழைய சீட்டை வைத்து வாங்கிப் போடும் மாத்திரை இது இல்லை. ஹெபடைடிஸ் சி காரணமாக இருந்தால், 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் அதற்கு இலவச சிகிச்சை உண்டு.

மதுவை நிறுத்த வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘வீக்கெண்டு மட்டும்’ என்பதும் இந்தக் கணக்கில் வரும்.

அழும் குழந்தை, சுத்தமான தோல்

இரண்டாவது வகை ‘எரித்ரோபாய்டிக் புரோட்டோபோர்பிரியா’, இபிபி. இது பிறவியிலேயே வருவது. வெயிலில் நின்ற சில நிமிடங்களில் கையும் மூக்கும் குறுகுறுக்கும், பிறகு தாங்க முடியாத எரிச்சல். கொப்புளம் அநேகமாக வராது. கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் சிவப்பு, பல சமயம் அதுவும் இல்லை. வலி மாத்திரை பெரிதாகக் கேட்காது. வலி இரண்டு மூன்று நாள் நீடிக்கலாம். வெளியே விளையாடப் போகாத பிள்ளை, பிரேயரில் நிற்க மறுக்கும் பிள்ளை, பி.டி. பீரியடில் மரத்தடி தேடும் பிள்ளை என்று பள்ளியில் பெயர் வாங்கிவிடும்.

இந்த வகையைக் கண்டுபிடிக்க ஏன் வருடக்கணக்கில் ஆகிறது என்பதற்குத் தெளிவான ஒரு காரணம் இருக்கிறது. போர்பிரியா என்றாலே பலரும் சிறுநீர் டெஸ்ட் எடுப்பார்கள். ஆனால் இபிபியில் தேங்கும் புரோட்டோபோர்பிரின் தண்ணீரில் கரையாது. அதனால் சிறுநீரில் வராது. ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வரும், ஃபைல் மூடப்படும். இதற்குத் தேவை ரத்த டெஸ்ட், அதாவது சிவப்பணுக்களில் புரோட்டோபோர்பிரின் எவ்வளவு என்று பார்ப்பது.

இன்னொரு நுணுக்கம், சாம்பிளை வெளிச்சம் படாமல் வைப்பது. ரத்தமோ சிறுநீரோ, எடுத்த உடனே அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். இல்லையென்றால் லேபுக்குப் போய்ச் சேருவதற்குள் உள்ளே இருக்கும் போர்பிரின் சிதைந்து முடிவு தவறாக வரும். ஏற்காட்டில் எடுத்து, பஸ்ஸில் சேலத்துக்கு அனுப்பி, அங்கிருந்து கூரியரில் பெருநகர லேபுக்குப் போகும் சாம்பிளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சன்ஸ்க்ரீன் போட்டால் போதாதா?

இபிபிக்குப் போதாது. கடையில் கிடைக்கும் தெளிவான சன்ஸ்க்ரீனில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் எண், முக்கியமாகப் புற ஊதா பி கதிரைத் தடுக்கும் திறனைச் சொல்வது. எஸ்பிஎஃப் 50 போட்ட பிறகும் நீல-ஊதா ஒளி உள்ளே போகும். ஓரளவு பயன் தருவது துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கொண்ட தடிப்பான களிம்பு. அதிலும் தோல் நிறத்தில் சாயம் கலந்த வகை மேல். அந்த நிறம் தரும் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் கொஞ்சம் தடுக்கும். தோலின் மேல் பூசும் இந்த இரும்புக்கும் மேலே சொன்ன இரும்பு மாத்திரைக்கும் சம்பந்தம் இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உண்மையில் அதிகம் காப்பது துணிதான். நெருக்கமாக நெய்த, அடர் நிற முழுக்கைச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, கையுறை. வெயிலுக்கு இதமாக இருக்கும் மெல்லிய வெள்ளைப் பருத்தி இங்கே உதவாது. துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறது என்றால், அதே வெளிச்சம் தோலுக்கும் தெரியும். கார் கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டலாமே என்று தோன்றும். 2012-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. பக்கவாட்டுக் கண்ணாடி குறைந்தது 50 சதவீத ஒளியையாவது உள்ளே விட வேண்டும் என்பது விதி. நீளக் கையுறை போட்டு ஓட்டுவது சட்டப்படியும் சுலபம், செலவும் குறைவு.

வெயிலைத் தவிர்ப்பதால் வைட்டமின் டி குறையும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலருக்குப் பித்தப்பைக் கல் வரும். மிகச் சிலருக்குக் கல்லீரல் கெடும். வருடத்துக்கு ஒருமுறை கல்லீரல் டெஸ்ட் அவசியம். தோலுக்கடியில் வைக்கும் அஃபாமெலனோடைட் என்ற மருந்து, மெலனினைக் கூட்டி வெயிலில் நிற்கும் நேரத்தை நீட்டிக்கிறது. ஐரோப்பாவில் 2014-லும் அமெரிக்காவில் 2019-லும் பெரியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. விலை சாதாரண மனிதர்கள் நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை.

மூன்றாவதாக, மிக மிக அரிதான பிறவி வகை ஒன்றும் உண்டு. குழந்தையின் சிறுநீர் துணியில் சிவப்பாகக் கறை படியும், பல் செம்பழுப்பாகும், வெளிச்சம் பட்ட விரலும் மூக்கும் சிதைந்துபோகும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் தீர்வுக்கு வழி. இந்த நோய் இருந்த மத்தியாஸ் பெட்ரி என்பவர், ஜெர்மன் வேதியியலாளர் ஹான்ஸ் ஃபிஷரின் ஆய்வகத்திலேயே உதவியாளராக வேலை பார்த்தார். அவர் உடலிலிருந்து கிடைத்த போர்பிரின்களும் ஃபிஷரின் ஆராய்ச்சிக்கு உதவின. 1930-ல் ஃபிஷருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பெட்ரி உயிரோடு இல்லை. ‘ரத்தக்காட்டேரி கதையே இந்த நோயிலிருந்துதான் வந்தது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் கிடையாது. 1985-ல் ஒரு வேதியியலாளர் சொன்ன ஊகம் அது. நோயாளிகளுக்கு அவமானத்தைத் தவிர அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை.

தோலைத் தொடாத வகை

கடுமையான வயிற்றுவலி, வாந்தி, கை கால் பலவீனம், மனக்குழப்பம் என்று வரும் ‘அக்யூட்’ வகைகள் தனி. அதில் முக்கியமான ஒன்றான அக்யூட் இன்டர்மிட்டன்ட் போர்பிரியாவில் தோல் பாதிப்பே இருக்காது. சில தூக்க மாத்திரைகள், சல்ஃபா மருந்துகள், பட்டினி ஆகியவை தூண்டிவிடும். கடும் விரதமும் க்ராஷ் டயட்டும் இவர்களுக்கு ஆகாது. வலி வரும் நேரத்தில் எடுக்கும் சிறுநீர் டெஸ்ட்தான் இதைக் காட்டிக்கொடுக்கும்.

அரசு என்ன செய்கிறது?

2021 மார்ச்சில் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், இந்த வயிற்றுவலி வகைக்கான ஹீமின் மருந்து குறிப்பிடப்பட்டிருக்கிறது. 2022 மே மாதம் முதல், பட்டியலில் உள்ள நோய்களுக்கு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். பணம் நேரடியாக வராது, அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாகத்தான் வரும். தமிழ்நாட்டில் அந்த மையம் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை.

தோல் வகைக்கு வந்தால் கதை வேறு. பிசிடிக்கு 50 லட்சம் வேண்டாம். ரத்தம் எடுக்க ஒரு பை, வாரத்துக்கு இரண்டு மாத்திரை, ஒரு ஃபெரிட்டின் டெஸ்ட் போதும். இங்கே குறைவது மருந்து இல்லை. கொப்புளத்தைப் பார்த்ததும் ‘இது போர்பிரியாவா இருக்குமோ’ என்று யாராவது ஒருவர் சந்தேகப்படுவது. அந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டிய இடம், மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம். தோல் நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் சுமார் 30 கிலோமீட்டர் இறங்கி சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர வேண்டும். தினக்கூலி வாங்கும் ஒருவருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

கொப்புளம் எல்லாமே போர்பிரியா இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். லூபஸ், பார்த்தீனியம் செடியால் வரும் ஒவ்வாமை, நியாசின் குறைவால் வரும் பெல்லக்ரா ஆகியவையும் வெளிச்சம் படும் இடத்தில்தான் தெரியும். நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் பிசிடி மாதிரியே கொப்புளம் வரலாம், போர்பிரின் அளவு நார்மலாக இருக்கும்.

அதனால் டாக்டரிடம் போகும்போது நான்கு விஷயங்களைச் சொன்னால் வேலை சுலபம். தோல் எங்கே பாதிக்கிறது, சட்டைக்கு உள்ளே இருக்கும் இடத்திலும் வருகிறதா? வெயிலில் நின்று எவ்வளவு நேரத்தில் அல்லது எத்தனை நாளில் வருகிறது? என்னென்ன மாத்திரை, டானிக், நாட்டு மருந்து, மது எடுத்துக்கொள்கிறீர்கள்? சிறுநீரின் நிறம் மாறியதா? கொப்புளம் இருக்கும்போதே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலையிலிருந்து இறங்கி, டோக்கன் வாங்கி, உள்ளே போவதற்குள் அது உடைந்து காய்ந்திருக்கும்.